காற்றில் வரும் சேதி – 9: சுங்கச்சாவடித் தகடு

போன வாரம் மொட்டைமாடி யாகி ஆன்டெனாவோடு நிறுத்தினோம். இந்த வாரம் பார்த்தால் ஆன்டெனா என்றே தோன்றாத ஒன்று.

சென்னையிலிருந்து விழுப்புரம் போகும் வழியில், பரனூரைக் கடந்தால் திண்டிவனத்துக்கு முன்னால் ஆத்தூர், அதற்கப்புறம் விக்கிரவாண்டி. பொங்கல், தீபாவளி என்றால் விக்கிரவாண்டி டோல்கேட் வரிசை டி.வி. செய்தியிலேயே வந்துவிடும். அந்த வரிசையில் மாட்டிக்கொண்டால் லேனுக்கு மேலே அண்ணாந்து பாருங்கள். வண்டிகளை நோக்கிச் சாய்த்து மாட்டிய தட்டையான பெட்டி ஒன்று இருக்கும். பாஸ்டாகைப் படிக்கும் இத்தகைய பெட்டிகளுக்குள் பெரும்பாலும் இருப்பது மைக்ரோஸ்ட்ரிப் பேட்ச் ஆன்டெனா.

பிரித்துப் பார்த்தால் ஏமாற்றம்தான். அடியில் பெரிய உலோகத் தகடு, மேலே சின்னத் தகடு, நடுவில் மின்கடத்தாப் பொருளோ வெறும் காற்றோ. சூட்சுமம் மேல் தகட்டின் நீளத்தில் இருக்கிறது. அது அலைநீளத்தில் ஏறக்குறைய பாதி. பாஸ்டாக் இயங்குவது 865–867 மெகாஹெர்ட்ஸில். அலைநீளம் சுமார் 34.6 செ.மீ. நடுவில் காற்று என்றால் தகடு 17 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக இருக்கும்.

பாதி நீளம் எதற்கு? தகட்டின் ஒரு ஓரம் பாசிட்டிவாக இருக்கும் கணத்தில் எதிர் ஓரம் நெகட்டிவ். மின்புலம் இரண்டு தகடுகளுக்கு நடுவே அடங்காமல் இரு ஓரங்களிலும் வெளியே பிதுங்குகிறது. ஓர் ஓரத்தில் அது மேலிருந்து கீழே, மற்றதில் கீழிருந்து மேலே. ஆனால் பிதுங்கிய பகுதியின் பக்கவாட்டுத் திசை இரண்டிலும் ஒன்றுதான். அதனால் இரண்டும் சேர்ந்து நேர் எதிரே அலையாகக் கிளம்புகின்றன. பின்பக்கம் போக அடித்தகடு விடாது. டோல்கேட்டுக்கு வேண்டியதும் இதுதான்: பக்கத்து லேன் காரின் கணக்கில் கை வைக்காமல், தன் லேனை மட்டும் பார்க்க வேண்டும். சதுரத் தகட்டின் எதிரெதிர் மூலைகளைக் கொஞ்சம் நறுக்கினால் அலை சுழன்றபடி வரும். ஸ்டிக்கர் எந்தக் கோணத்தில் ஒட்டியிருந்தாலும் படிக்கலாம்.

பேட்ச் ஆன்டெனா யோசனை 1953-லேயே வந்துவிட்டது. 1970களின் தொடக்கத்தில் ராபர்ட் மன்சன் ஏவுகணையின் உடம்போடு ஒட்டிச் சுற்றும்படி இதைச் செய்து காட்டிய பிறகுதான் மவுசு. நல்ல காரியங்கள் பல ராணுவம் வழியாகத்தான் வந்து தொலைக்கின்றன.

குறையும் உண்டு. குறுகிய அலைவரிசைக்குத்தான் ஒத்துழைக்கும். பாஸ்டாகுக்கு 2 மெகாஹெர்ட்ஸ் போதும் என்பதால் இங்கே அது தொல்லையில்லை. ஜி.பி.எஸ்.ஸுக்கும் அப்படியே. 1.1.2019 முதல் பதிவாகும் புதிய பொதுப் போக்குவரத்து வாகனங்களில் இருப்பிடம் காட்டும் கருவி கட்டாயம். அப்படிப்பட்ட கருவிகளில் சகஜமாகக் காணக்கிடைப்பது 25 மி.மீ. சதுரப் பீங்கான் பேட்ச். ஜி.பி.எஸ். அலைநீளம் 19 செ.மீ.; பாதி 9.5. பீங்கானுக்குள் அலை சுருங்குவதால் தகடும் சுருங்கிவிடுகிறது. பஸ் கூரையின் இரும்பு இதற்குக் கேடு செய்யாது. பின்னால் உலோகம் இருப்பது இதற்கு வசதி.

கண்ணாடியில் ஒட்டும் பாஸ்டாக் அதற்கு நேர்மாறு. பேட்டரி இல்லாத மெல்லிய உலோகக் கோடு அது. மேலிருந்து வரும் அலையின் சக்தியிலேயே விழித்துப் பதில் சொல்கிறது. வெறும் இரும்பின் மேல் ஒட்டினால் ஊமையாகிவிடும். உலோகப் பூச்சுள்ள சன் ஃபிலிம் குறுக்கே வந்தாலும் திணறும். அப்போதுதான், “டேக் ரீட் ஆகல சார், கொஞ்சம் பின்னால எடுங்க” என்ற குரல். அதற்கும் மசியாவிட்டால் ஊழியர் கையடக்க ரீடரோடு வந்து கண்ணாடியில் காட்டுவார். அத்தகைய ரீடர்கள் பலவற்றின் மூக்கிலும் இருப்பது பீங்கான் பேட்ச்தான்.

(தொடரும்)