பெண்மகவுக்குப் பெயர் சூட்டுமுன்

மகளின் குணத்துக்கு இசைந்த பெயரையே சூட்டவேண்டுமெனத் தாய்மார் பலர் விரும்புகின்றனர். ஆயின், இலங்கையில் பிறப்பை 42 நாட்களுக்குள் பதிவு செய்தல் வேண்டும். தொட்டிலில் உறங்கும் மதலையின் குணத்தை அதற்குள் எவர் அறிவார்?

ஆகவே, பெயரைப் பெற்றோரின் வாழ்த்தெனவே நாம் கொள்வோம். மணம் பேசியவர் போரில் மடிந்தபின்னும் தம்பிக்காக உயிர் தாங்கியவர் திலகவதியார். அவர் பெயரை மகளுக்கு இடுவோர், சாந்தத்துடன் மனவுறுதியையும் வாழ்த்தாக அளிக்கின்றனர்.

தமிழகத்தின் சில ஊர்களிலோ, அடுத்தது ஆணாகவேண்டுமென்று பெண்மகவுக்கு ‘வேண்டாம்’ என்றும் ‘போதும்பொண்ணு’ என்றும் பெயரிட்டதுண்டு. பள்ளியில் இடாப்புக் கூப்பிடும் ஒவ்வொரு காலையும், தான் வேண்டப்படாதவள் என்பதை அச்சிறுமி கேட்க நேருமன்றோ? இதனினும் கொடிய சீதனம் வேறுண்டோ?

‘சாந்தி’ துடுக்குக்காரியாக வளரலாம், ‘வீரலட்சுமி’ கூச்சமுடையவளாகலாம். அதனாற் குறையொன்றுமில்லை. பெயருக்கேற்ப மகளை வளைக்க முயலாதிருப்போம். பொருள் நல்லதாய், ஒலி இனியதாய், பாட்டியான பின்பும் பொருந்துவதாய் உள்ள பெயரைத் தேர்வோம். முற்றத்தில் நின்று ஒருமுறை உரத்து அழைத்துப் பார்ப்போம். அப்பெயருக்குரிய குணத்தை அவளே நிரப்பிக் கொள்வாள்.