போய்ப் பார்த்து வந்தவள் சொன்னது

மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு முதல்தடவை போய்த் திரும்பும் அம்மாவிடம் என்ன கேட்பார்கள்? சொந்த வீடா, வாடகையா? எத்தனை ரூம்? கார் வாங்கியாச்சா? குறுந்தொகை 167-ஆம் பாட்டிலும் ஒருத்தி அப்படிப் போய்வருகிறாள். பெண்ணை வளர்த்த செவிலித்தாய். பெற்றவளிடம் அவள் சொல்வதெல்லாம் ஒருவேளைச் சமையலைப் பற்றித்தான்.

புதுப்பெண் கட்டித்தயிரைக் கையால் பிசைகிறாள். அந்த விரலை உடுத்திய துணியிலேயே துடைத்துக்கொள்கிறாள். துவைத்து மாற்றிக்கொள்ள நேரமில்லை. தாளிப்புப் புகை மையிட்ட கண்ணில் ஏறுகிறது. தானே துழாவி வைத்த புளிக்குழம்பைக் (நம் மோர்க்குழம்புக்குப் பாட்டி முறை என்று வைத்துக்கொள்ளலாம்) கணவன் சாப்பிட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது என்கிறான். அவள் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தும் தெரியாமலும் வந்து போகிறது. கூடலூர் கிழார் இதை ஆறே அடியில் முடித்துவிடுகிறார்.

அந்தச் சின்ன மலர்ச்சியைக் கணவன் கவனித்தானா என்பதுகூடப் பாட்டில் இல்லை. ஊட்டி வளர்த்தவளுக்கு அது தப்பவில்லை. துணி அழுக்கையும் அவள் மறைக்கவில்லை. நானாக இருந்தால் மறைத்திருப்பேன். பெண் வீட்டுக் கௌரவம் ஆயிற்றே.

சமைத்தவள் அவள், சாப்பிட்டவன் அவன் என்று இன்றைய வாசகி முகம் சுளிக்கலாம். நியாயம்தான். ஆனாலும் அவன் வாயைத் திறந்து சொன்னான். நம் வீடுகளில் குழம்பைப் பற்றிப் பேச்சு எழுவது பெரும்பாலும் உப்பு கூடினால்தான்.

இப்படிப் போய்ப் பார்த்து வந்த செவிலி ஐங்குறுநூற்றிலும் பேசுகிறாள். அதில் பேயனார் பாடிய முல்லைப் பகுதி தொடங்குவதே செவிலி கூற்றுப் பத்தில்தான். 401 முதல் 410 வரை. அங்கே கணவன் நாடுடையவன் என்பதும் மனைவியின் நகை மின்னுவதும் அடைமொழியாக வந்து ஒதுங்கிக்கொள்கின்றன. செவிலியின் கண் வேறெங்கோ இருக்கிறது. கடைசிப் பாட்டில் சாயங்கால முற்றம், கால் குட்டையான கட்டில், அருகில் மனைவி, அப்பாவின் மார்பில் ஊரும் மகன், பாணனின் யாழிசை. அழகுதான். எனக்கு அதற்கு முந்தைய பாட்டு இன்னும் பிடிக்கும். மகனைத் தகப்பன் அணைத்திருக்கிறான். இருவரையும் சேர்த்துத் தாய் அணைத்திருக்கிறாள். அந்தப் படுக்கை இந்தப் பரந்த உலகத்துக்கே ஈடு என்கிறாள் செவிலி. பாண்டியனின் அரண்மனையைப் பற்றி யாரும் இப்படிச் சொன்னதாக நினைவில்லை.

அந்தக் கணவனும் மனைவியும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவர்களே சொல்லியிருந்தால் பீற்றிக்கொள்வதாகப் போயிருக்கும். கேட்டிருந்தாலும், பையன் ராத்திரி முழுக்க எட்டி உதைத்தான், தூக்கமே இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.