ஒரே நரம்பு, எதிரெதிர் விளைவு

விலங்குகளின் கருப்பை, கருமுட்டைக் குழாய், விந்து நாளம் ஆகியவற்றின் சுவர்களில் மென்தசை அமைந்திருக்கிறது. விலங்கு நினைத்தபடி இயங்கும் தசை அல்ல இது. தன்னியக்க நரம்பு மண்டலமும் ஹார்மோன்களும் சேர்ந்தே இதை நடத்துகின்றன. பரிவு நரம்புகள் அடிவயிற்று நரம்பு வழியாகவும், துணைப்பரிவு நரம்புகள் இடுப்பு நரம்பு வழியாகவும் இவ்வுறுப்புகளை வந்தடைகின்றன.

ஆண் விலங்குகளில் விந்து நாளம் முழுக்கப் பரிவு நரம்பிழைகள் அடர்ந்திருக்கும். புணர்ச்சியின் உச்சத்தில் இந்த நரம்பு முனைகளிலிருந்து ஏடிபி, நார்அட்ரினலின் என்ற இரண்டு வேதிப்பொருள்கள் வெளியாகின்றன. ஏடிபி தசையைச் சட்டென்று சுருக்கும்; நார்அட்ரினலின் அந்தச் சுருக்கத்தைச் சற்று நீடிக்கச் செய்யும். விந்தணுக்கள் முன்னே தள்ளப்படுவது இப்படித்தான். ஏடிபியை ஏற்கும் பி2எக்ஸ்1 உணர்வேற்பி இல்லாத எலிகளைப் பற்றிய ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளியானது. அந்த ஆண் எலிகள் வழக்கம்போல் இணை சேர்ந்தன, விந்தணுக்களிலும் குறையில்லை. ஆனால் நாளம் போதுமான அளவு சுருங்காததால் அவற்றின் இனப்பெருக்கத் திறன் ஏறக்குறைய 90 சதவீதம் குறைந்துபோனது.

கருப்பையின் கதை இவ்வளவு நேரானதல்ல. 1906இல் ஹென்றி டேல் பூனைகளில் இதைக் கவனித்தார். அடிவயிற்று நரம்பைத் தூண்டினாலும் சரி, அட்ரினலின் செலுத்தினாலும் சரி, சினையாகாத பூனையின் கருப்பை தளர்ந்தது. சினைப் பூனையின் கருப்பையோ சுருங்கியது. இதற்கான விளக்கம் 1948இல் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் முன்வைத்த ஆல்ஃபா, பீட்டா உணர்வேற்பிகள் என்ற கருத்திலிருந்து கிடைத்தது. ஆல்ஃபா வகை தூண்டப்பட்டால் கருப்பைத் தசை சுருங்கும். பீட்டா வகை தூண்டப்பட்டால் தளரும். எது மேலோங்கும் என்பதை ஹார்மோன்கள் முடிவு செய்கின்றன. முயலில் ஈஸ்ட்ரோஜன் மிகுந்திருக்கும்போது அதே நரம்பு கருப்பையைச் சுருக்குகிறது. புரோஜெஸ்ட்ரோன் மிகுந்திருக்கும்போது தளர்த்துகிறது. பூனையில் நடப்பது வேறு, முயலில் நடப்பது வேறு என்பதால், ஓர் இனத்தில் கண்டதை இன்னோர் இனத்துக்கு அப்படியே பொருத்திவிட முடியாது.

சினைக்காலத்தின் பிற்பகுதியில் நரம்பின் பிடியே தளர்ந்துவிடுவதும் உண்டு. கினிப்பன்றியின் கருப்பையில் பரிவு நரம்பிழைகள் பெருமளவு சிதைந்துபோகின்றன. குட்டி வளரும் கருப்பைக் கொம்பில் இந்தச் சிதைவு மிக அதிகம். கருப்பைத் தசை தானாகவே சுருங்கும் இயல்புடையது என்பதால், குட்டி ஈனும் நேரத்தில் ஆக்ஸிடோசினும் புரோஸ்டாகிளாண்டின்களுமே முன்னின்று வேலை செய்கின்றன.

ஆனால் பீட்டா உணர்வேற்பிகள் அப்போதும் செயலிழப்பதில்லை. ஈனும் நேரத்தில் மாடு மிரண்டால், இரத்தத்தில் கலக்கும் அட்ரினலின் இவற்றைத் தூண்டிக் கருப்பையைத் தளர்த்தும், ஈற்றும் தள்ளிப்போகலாம். கால்நடை மருத்துவர்கள் இதே வழியை மருந்தாகவும் பயன்படுத்துகிறார்கள். கன்று கோணலாகக் கிடந்தால், அதைத் திருப்ப இடம் கிடைக்கும்படி சில நாடுகளில் கிளென்பியூட்டரால் ஊசி போடப்படுகிறது. இம்மருந்து ஆக்ஸிடோசினுக்கு எதிராகச் செயல்படுவதால் இரண்டையும் ஒருசேரக் கொடுப்பதில்லை.