ஒரு செல்லுக்குள் 16 முறை ஆஜர்! தெரியுமா?

உங்கள் மூளைச் செல்லிலும் ஈரல் செல்லிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுப்புதான், தெரியுமா? புரதம் செய்யச் சொல்லும் மரபணுக்கள் மட்டுமே சுமார் 20,000! எந்தெந்த மரபணு விழித்திருக்கிறது, எது தூங்குகிறது என்பதில்தான் மூளையும் ஈரலும் வேறுபடுகின்றன. விழித்திருக்கும் மரபணு ஆர்.என்.ஏ. நகல்களை வெளியே அனுப்பும். திசுவை அரைத்துக் கூழாக்காமல், அந்த நகல்களை இருந்த இடத்திலேயே ஒவ்வொன்றாக எண்ணிவிட முடியும் என்றால் நம்புவீர்களா?

முடிகிறது! இதற்கான விதை விழுந்தது 1969-ல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜோசஃப் காலும் மேரி லூ பார்டியூவும், ஆப்பிரிக்கத் தவளையின் முட்டைச் செல்லுக்குள் ஒரு மரபணு இருக்கும் இடத்தைக் கதிரியக்கத்தின் உதவியால் படம்பிடித்தார்கள். பின்னால் கதிரியக்கம் போய் ஒளிரும் நிறமிகள் வந்தன. ஓர் ஆர்.என்.ஏ. இழையின் மேல் அந்த நிறமியைச் சுமந்த 30, 40 குட்டித் துண்டுகள் வரிசையாகப் போய் ஒட்டிக்கொள்ள, எல்லாம் சேர்ந்து ஒரு புள்ளியாகச் சுடர்விடும். ஒரு துண்டு வழிதவறி வேறெங்கோ ஒட்டினால் அந்த மினுக்கல் கண்ணில் படாது. அத்தனை துண்டுகள் எதற்கு என்பது இப்போது புரிகிறதல்லவா?

ஆனால் நுண்ணோக்கி ஒரே நேரத்தில் தெளிவாகப் பிரித்தறியும் நிறங்கள் நாலைந்துதான். மரபணுக்களோ ஆயிரக்கணக்கில்! இங்கேதான் கதை சூடுபிடிக்கிறது. கால்டெக்கில் லாங் காயின் குழு 2014-லும், ஹார்வர்டில் ஷியாவ்வெய் ஷுவாங்கின் குழு 2015-லும் ஓர் அபாரமான வழியைக் காட்டின. ஒரே செல்களைத் திரும்பத் திரும்பச் சாயமேற்றிப் படமெடுப்பது! ஹார்வர்டு குழு தன் முறைக்கு வைத்த பெயர் மெர்ஃபிஷ். வகுப்பில் 16 முறை பேர் கூப்பிடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மரபணுவும் தனக்கென்று குறித்த நான்கு அழைப்புக்கு மட்டும் ‘ஆஜர்’ சொல்லும். மற்ற 12 அழைப்பிலும் வாய் திறக்காது. எந்த நான்கு என்பதே அதன் அடையாளம்.

சரி, ‘ஆஜர்’ காதில் விழாமல் போய்விட்டால்? ஒளிர வேண்டிய புள்ளி ஒரு சுற்றில் ஒளிராமல் போக சுமார் 10 சதவீத வாய்ப்பு. ஒளிரக் கூடாத இடம் ஒளிர்ந்துவிட சுமார் 4 சதவீதம். சின்னப் பிழைகள் போலத் தோன்றும். 16 சுற்றுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு மூலக்கூறு துளிப் பிழையும் இல்லாமல் படிக்கப்பட 40 சதவீத வாய்ப்புதான்! பாதிக்கு மேல் தப்பு என்றால் அந்த வரைபடத்தை வைத்து என்ன செய்வது?

காப்பாற்றியது யார் தெரியுமா? ஒரு டெலிபோன் கம்பெனியின் கணித மேதை! பெல் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஹேமிங் வார இறுதிகளில் கணக்குகளைக் கணினியில் ஓடவிட்டுப் போவார். எங்கேயாவது பிழை வந்தால் இயந்திரம் அந்தக் கணக்கை அப்படியே போட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடும். பிழை இருப்பதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரம் அது எங்கே என்று கண்டுபிடித்துத் திருத்தக் கூடாதா? அந்த எரிச்சலில் பிறந்தவைதான் பிழைதிருத்தும் குறியீடுகள், 1950-ல் வெளியிட்டார். 65 ஆண்டு கழித்து அதே கணிதம் செல்லுக்குள் நுழைந்தது!

16 சுற்றில் நான்கைத் தேர்ந்தெடுக்க 1,820 வழிகள் உண்டு. ஹார்வர்டு குழு எடுத்துக்கொண்டதோ வெறும் 140. எந்த இரண்டை எடுத்தாலும் குறைந்தது நான்கு இடங்களில் வேறுபடும்படி பொறுக்கியவை. அதனால் ஒரு பிழை நேர்ந்தாலும் அது யாருடைய குறியீடு என்று திருத்திவிடலாம். இரண்டு நேர்ந்தால் ‘இது சந்தேகம்’ என்று ஒதுக்கிவிடலாம். 40 சதவீதமாக இருந்த வாய்ப்பு, அதே கணக்கின்படி, ஏறக்குறைய 78 ஆகிறது. நுண்ணோக்கியை மாற்றவில்லை, குறியீடுகளை ஒன்றுக்கொன்று தள்ளி வைத்தார்கள், அவ்வளவுதான்!

எனக்கு இதையும் மிஞ்சிய ஆச்சரியம் ஒன்று உண்டு. அந்த 140-லும் பத்தை வேண்டுமென்றே வெறுமையாக விட்டார்கள். அந்தப் பத்துக்கு உரிய மரபணுவே கிடையாது. ஆகவே அவை படத்தில் தலைகாட்டினால் அது பொய். எத்தனை முறை தலைகாட்டுகின்றன என்று எண்ணினால், மற்ற கணக்கில் எவ்வளவு பொய் கலந்திருக்கும் என்று தெரிந்துவிடும். தன் தவற்றைத் தானே அளக்கும் கருவி! அறிவியலின் நேர்மைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

திசுவும் லேசில் விடாது. வயதான மூளைச் செல்களில் படியும் லிப்போஃபஸின் என்ற நிறமி தானாகவே ஒளிரும். அதனால் படமெடுக்கும் முன்பே பலத்த ஒளியைப் பாய்ச்சி அதை மங்க வைக்கிறார்கள். ஆர்.என்.ஏ.வை ஒரு ஜெல்லில் நங்கூரமிட்டுவிட்டு, சுற்றியுள்ள புரதத்தையும் கொழுப்பையும் கரைத்தெடுக்கும் வழியும் உண்டு. பிறகு, எந்தப் புள்ளி எந்தச் செல்லுக்குச் சொந்தம் என்ற எல்லைத் தகராறு! புற்றுச் செல்லை ஒட்டி நிற்கும் நோய் எதிர்ப்புச் செல்லின் கணக்கில் பக்கத்து வீட்டு ஆர்.என்.ஏ. சேர்ந்துவிட்டால், இல்லாத புது வகைச் செல் ஒன்று இருப்பதாகத் தோன்றிவிடும். என் பார்வையில் இன்றும் முழுதாகத் தீராத சிக்கல் இதுதான்.

இத்தனையையும் தாண்டி, 2023-ல் எலி மூளையின் வரைபடம் வெளியானது. ஷுவாங் குழு மட்டுமே படமெடுத்தவை சுமார் ஒரு கோடிச் செல்கள்; ஒவ்வொன்றிலும் 1,100-க்கும் மேற்பட்ட மரபணுக்கள்! அடுத்த முறை வண்ண வண்ணப் புள்ளிகளோடு இப்படி ஒரு திசுப் படத்தைப் பார்த்தால், அதன் அழகை ரசித்துவிட்டு ஒரு கேள்வியும் கேளுங்கள்: வெற்றுக் குறியீடுகள் இதில் எத்தனை முறை தலைகாட்டின?