சோதனைக் கலையும் அவையோரும்

கலை நிகழ்ச்சி என்றவுடன், நன்கு பயின்று, குற்றங்களைந்து, நிறைவெய்திய பின்னர் அவைக்கு வரும் ஒன்றையே நாம் எண்ணுதல் வழக்கம். ஆயின், முடிவு இன்னதென ஆக்கியோனே அறியாத நிலையில் அவைமுன் வைக்கப்படுங் கலையும் உண்டு. அதனைச் சோதனைக் கலை என்பர். மேனாடுகளில் இதற்கெனத் தனி நிலையங்கள் உள. அவற்றுள் ஒன்று இலண்டன் மாநகரிலுள்ள தற்காலக் கலைகள் நிறுவனமாகும். அங்கு வெவ்வேறு காலத்து நடைபெற்ற மூன்று நிகழ்ச்சிகளைக் கொண்டு, இத்தகைய நிலையம் எதன்பொருட்டு வேண்டப்படுகின்றது என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

இந்நிறுவனம் இரண்டாம் உலகப்போர் ஓய்ந்த மறு ஆண்டாகிய 1946இலே தோன்றியது. கவிஞரும் திறனாய்வாளருமாகிய ஹேபேட் றீட், ஓவியர் றோலண்ட் பென்றோஸ், பதிப்பாளர் பீற்றர் கிறெகரி முதலியோர் இதனை நிறுவினர். பழம்பொருள்களைத் திரட்டிப் பேணும் அருங்காட்சியகமாக அஃது அமைதலாகாது என்பது அவர்தங் கொள்கை. ஆதலின், தனக்கென நிலையான கலைத்திரட்டு எதனையும் அது வைத்துக்கொள்ளவில்லை. முதற் கண்காட்சி 1948இல் ஒக்ஸ்போட் வீதியிலிருந்த படமாளிகை ஒன்றின் நிலவறையில் நடைபெற்றது. 1950இல் டோவர் வீதியில் இடம் வாய்த்தது. எமது நாட்டு ஓவியர் ஜோர்ஜ் கீற் அவர்களின் ஓவியங்கள் 1954இல் இந்நிறுவனத்திற் காட்சிக்கு வைக்கப்பெற்றமை நாம் நினைவு கூரத்தக்கது. 1968இல் நிறுவனம் பக்கிங்காம் அரண்மனைக்குச் செல்லும் மால் என்னும் பெருவீதியிலுள்ள இன்றைய கட்டிடத்துக்குப் பெயர்ந்தது. கண்காட்சிக்கூடமும் திரையரங்கும் மேடையும் ஒரே கூரையின்கீழ் அமைந்திருத்தல் அதன் சிறப்பாகும்.

முதலாவது நிகழ்ச்சி இலக்கியஞ் சார்ந்தது. 1951இல் அங்கு ஒரு கவிதை அரங்கு ஹேபேட் றீட் தலைமையிற் கூடிற்று. கிழக்கு இலண்டனில் வறிய யூதக் குடும்பமொன்றிற் பிறந்த இமானுவேல் லிற்வினோவ் என்னுங் கவிஞர் தமது கவிதையொன்றைப் படிக்க எழுந்தார். அது ரி. எஸ். எலியற்றை விளித்துப் பாடப்பெற்றது. எலியற் தம் முற்காலக் கவிதைகள் சிலவற்றில் யூதரை இழித்துரைத்திருந்தார். நாசிகள் இலட்சக்கணக்கான யூதரைக் கொன்றொழித்த பின்னரும் அவற்றை 1948இல் வெளிவந்த தொகுப்பொன்றில் மீண்டும் இடம்பெறச் செய்தமை லிற்வினோவின் உள்ளத்தைப் புண்படுத்தியது. எலியற்றோ அவ்வாண்டிலேயே நோபல் பரிசு பெற்றவர். ஆங்கிலக் கவியுலகின் தலைமகனாக மதிக்கப்பட்டவர். லிற்வினோவ் படிக்கத் தொடங்குந் தறுவாயில் எலியற்றே மண்டபத்தினுட் புகுந்தார். லிற்வினோவ் நிறுத்தினாரல்லர்; கவிதை முழுவதையும் படித்து முடித்தார். அவையிற் கூச்சலெழுந்தது. கவிஞர் ஸ்ரீபன் ஸ்பெண்டர் எழுந்து கடிந்துரைத்தார். எலியற் மாத்திரம் தலைகவிழ்ந்தவாறிருந்து, அது நல்ல கவிதை என மெல்லக் கூறினார் என்பர். அக்கவிதை இன்று நூல்களிற் கிடைக்கின்றது. எனினும், வினவியவரையும் வினவப்பட்டவரையும் ஒரே மண்டபத்தில் இருத்திவைக்க நூலால் இயலாது.

இரண்டாவது நிகழ்ச்சி திரைப்படம் பற்றியது. பிரான்சு நாட்டவராகிய கீ டெபோ 1952இல் ஆக்கிய படமொன்றில் உருவம் எதுவுமே இல்லை. குரல்கள் பேசும்பொழுது திரை வெண்மையாயிருக்கும். பேச்சு நின்றதும் திரை கருமையாகி, அரங்கு இருளில் மூழ்கும். இறுதி 24 நிமிடங்கள் ஒலியுமில்லை, ஒளியுமில்லை. பாரிசில் முதன்முறை காட்டப்பட்டபொழுது அது இடையிலேயே நிறுத்தப்பட்டது. 1957இல் அப்படம் டோவர் வீதியிலே காட்டப்பட்டது. விளக்கேற்றப்பட்டவுடன் பார்த்தோர் சினந்து பேசினர். நுழைவுச்சீட்டுப் பணத்தை மீளத் தராவிடின் உறுப்புரிமையைத் துறப்பேன் என்றார் ஒருவர். வெளியே வந்தோர், அடுத்த காட்சிக்காகப் படிக்கட்டில் நின்ற நண்பர்களிடம் வீடு திரும்புமாறு வேண்டினர். அவ்வேண்டுகோளோ எதிர்மாறான பயனையே விளைத்தது. இத்துணை ஆரவாரத்தை எழுப்பிய படம் வெறுந்திரையாயிருக்கும் என எவருங் கருதாமையால், காத்து நின்றோர் முன்னிலும் பேரார்வத்தோடு உட்புகுந்தனர். திரையிற் காட்சி இல்லாதபொழுது அவையோரே காட்சியாயினர்.

மூன்றாவது, மேடையில் நிகழ்ந்தது. 1984 சனவரி 3ஆம் நாள், மேற்குப் பேர்லினைச் சேர்ந்த ஐன்ஸ்ரூர்சென்டே நொய்பவுற்றன் என்னும் இசைக்குழுவின் உறுப்பினர் சிலரும் அவர்தந் தோழரும், மனிதக் குரலுக்கும் இயந்திரங்களுக்குமான இசைநிகழ்ச்சி ஒன்றை நடத்தினர். சீமெந்து கலக்கும் இயந்திரமும், மரமரியும் வாளும், தரைதுளைக்குங் கருவியும் அவர்தம் இசைக்கருவிகள். நிகழ்ச்சி தொடங்கிச் சிறிது நேரத்துள் மேடையையே துளைக்கத் தலைப்பட்டனர். நிலையத்தார் தலையிட்டு நிறுத்தினர். அவையோர் சிலர் கருவிகளைப் பற்றிக்கொண்டு விடமறுத்தனர். அரைமணி நேரமும் நிரம்பாமலே நிகழ்ச்சி குழப்பத்தில் முடிந்தது.

இம்மூன்றினையும் ஒருங்கு நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். சோதனையின் பெறுபேறு கவிதையிலோ திரையிலோ கருவியிலோ இல்லை. அவையோர் அவ்விடத்தே அளித்த மறுமொழியிலேயே உள்ளது. ஆகவே, இத்தகைய நிலையம் முதற்கண் அளிக்கவேண்டியது கூடுதற்குரிய ஓர் இடமேயாகும். அதற்குரிய விலை சிறிதன்று. பணங்கொடுத்தோர் ஏமாற்றமடைதல் கூடும். பெரியோர் மனம் நோதல் கூடும். மேடையும் சிதைதல் கூடும். மால் வீதியில் நிலையத்தார் மேடையைக் காத்தது தவறென்று யாம் கூறமாட்டோம். ஆனால், இடரெல்லாவற்றையும் முன்னரே நீக்கிவிடின் சோதனை என்னும் பெயர் பொருந்தாது.

இதற்குச் சான்றும் உண்டு. 2007இல் ஜோ மிச்செல் என்னுங் கலைஞர் அவ்வியந்திர இசைநிகழ்ச்சியை அதே நிறுவனத்தில் மீள நிகழ்த்திக் காட்டினார். முன்னர்க் கலகமாய் வெடித்தது இப்பொழுது ஒத்திகையோடு அரங்கேறிற்று. வரலாற்றைக் கண்முன் நிறுத்துதல் என்ற வகையில் அது பயனுடையதே. எனினும், முடிவு தெரிந்த சோதனை பாடமாகுமேயன்றிச் சோதனையாகாது. அடுத்த ஆண்டாகிய 2008இல் அந்நிறுவனம், நேரடி நிகழ்த்துகலைக்கும் ஊடகக் கலைக்குமென வைத்திருந்த தன் பிரிவையே மூடிவிட்டது. புதுமைக்கெனத் தோன்றிய நிலையமும், தன் புதுமைகளுள் எதனைப் பேணுவது, எதனைக் கைவிடுவது என்று தெரியவேண்டிய நாள் வந்தே தீரும்.

இவையெல்லாம் மேனாட்டார்க்கே உரியன என ஒதுக்குதல் பொருந்தாது. கச்சியப்ப சிவாசாரியார் காஞ்சிக் குமரகோட்டத்திற் கந்தபுராணத்தை அரங்கேற்றியபொழுது, முதற்செய்யுளின் தொடக்கத்துப் புணர்ச்சிக்கு விதி யாதென அவையில் ஒருவர் தடைநிகழ்த்தினார் என்பதும், வீரசோழியத்தில் விதி காட்டப்பெற்ற பின்னரே அரங்கேற்றந் தொடர்ந்தது என்பதும் நாம் வழிவழிக் கேட்டுவந்த செய்தி. தடை எழுப்ப அவைக்கு உரிமையும், விடையிறுக்கும் பொறுப்பு ஆசிரியனுக்கும் அன்றிருந்தன. இன்று அரங்கேற்றம் என்னுஞ் சொல் நம்மிடையே பாராட்டு விழாவுக்குப் பெயராய்ச் சுருங்கிவிட்டது. பொன்னாடையும் மாலையும் முன்னரே ஆயத்தமாயிருக்கும் மேடையில் வினாவுக்கு இடமேது? இளைஞர் புதியதொன்றைக் கொண்டுவரும்பொழுது இறுதிவரை இருந்து பார்த்தலும், பின்னர் எழுந்து மனத்திற்பட்டதை அஞ்சாது கூறுதலுமாகிய இரண்டும் அவையோர் கடன். அவ்விரண்டுக்கும் இடந்தரும் மண்டபம் சிறியதாயினும், நிலவறையேயாயினும், கலை வளர்தற்கு அது போதும்.