ஒளி பட்டால் புண் ஆறுமா?

காலில் சிறு கொப்புளமாகத் தோன்றிய புண் வாரக் கணக்கில் ஆறாமல் நின்றால், வீட்டில் எல்லோருக்கும் கவலைதான். யார் எந்த வைத்தியம் சொன்னாலும் செய்து பார்க்கலாமே என்று மனம் அலைபாயும். அப்படிச் சொல்லப்படும் வைத்தியங்களில் ஒன்று ஒளிச் சிகிச்சை. சிவப்பு ஒளி வீசும் கருவிகள் இன்று இணையத்திலேயே விற்பனைக்குக் கிடைக்கின்றன. உண்மையிலேயே ஒளிக்குப் புண்ணை ஆற்றும் சக்தி உண்டா? எந்தப் புண்ணுக்கு, எந்த அளவில்? இதைத் தெரிந்துகொண்ட பிறகு பணத்தைச் செலவழிப்பதே நல்லது.

எப்படித் தொடங்கியது?

ஒளியை மருந்தாக்கும் முயற்சி புதிதல்ல. டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சன், தோலைத் தாக்கும் காசநோய்க்குச் செறிவூட்டிய ஒளியைக் கொண்டு சிகிச்சை அளித்தார். அதற்காக 1903ஆம் ஆண்டு அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

1967இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், எலிகளின் முதுகு ரோமத்தை மழித்துவிட்டு, சக்தி குறைந்த ரூபி லேசர் ஒளியைப் பாய்ச்சினார். ஒளி பட்ட எலிகளுக்கு ரோமம் விரைவாக வளர்ந்தது. பின்னர், நெடுநாள் ஆறாத புண்ணுடையவர்களுக்கும் அவர் அந்த ஒளியைப் பயன்படுத்திப் பார்த்தார்.

அமெரிக்காவின் நாசா, விண்வெளியில் செடி வளர்க்க எல்.இ.டி. விளக்குகளை உருவாக்கியது. அதே வகை விளக்குகளைப் புண் ஆற்றவும் பயன்படுத்தலாமா என்று விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் ஹாரி வீலன் குழுவினர் ஆராய்ந்து, 2001இல் முடிவுகளை வெளியிட்டனர். விலை உயர்ந்த லேசரோடு, சாதாரண எல்.இ.டி. விளக்கும் இத்துறைக்குள் நுழைந்தது இப்படித்தான்.

உடலுக்குள் நடப்பது என்ன?

நம் உடலின் பெரும்பாலான உயிரணுக்களில் மைட்டோகாண்ட்ரியா எனும் நுண்ணிய உறுப்புகள் உண்டு. உயிரணுவுக்குத் தேவையான சக்தியை உற்பத்தி செய்யும் ஆலைகள் அவை. அங்குள்ள ஒரு நொதி சிவப்பு ஒளியையும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் உள்வாங்குகிறது. அதனால் சக்தி உற்பத்தி கூடுகிறது, புதிய திசுவை உண்டாக்கும் உயிரணுக்கள் சுறுசுறுப்படைகின்றன என்பது ஆய்வாளர்கள் பலர் தரும் விளக்கம்.

இங்கே அளவு மிக முக்கியம். ஒளி குறைந்தால் பலன் இருக்காது. கூடினாலோ, உயிரணுக்களின் வேலை மந்தமாகிவிடும். எந்த நிற ஒளி, எவ்வளவு நேரம், எவ்வளவு தூரத்திலிருந்து என்பதெல்லாம் கணக்கிட்டுச் செய்ய வேண்டியவை. ஒளி நல்லது என்பதற்காக மணிக்கணக்கில் காட்டுவதில் பயனில்லை.

எங்கே பலன் உறுதியாகியுள்ளது?

புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோருக்கு வாயில் வரும் புண்களைத் தடுப்பதில்தான் நல்ல ஆதாரம் கிடைத்துள்ளது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018இல் இதற்கு ஒப்புதல் தரும் வழிகாட்டியை வெளியிட்டது.

இனிப்பு நீரால் வரும் காற்புண்ணின் கதை வேறு. இது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளிவந்த கோக்ரேன் மதிப்பாய்வில் இடம்பெற்றவை 8 ஆய்வுகள். அவற்றில் பங்கேற்றவர்கள் 316 பேர் மட்டுமே. ஒளி பட்டவர்களில் கூடுதலானோருக்குப் புண் ஆறியது போல் தெரிந்தாலும், ஆய்வுகள் சிறியவை, தரமும் போதாது. ஆகவே உறுதியாகச் சொல்வதற்கில்லை என்றே மதிப்பாய்வு முடிகிறது.

இனிப்பு நீர் உள்ளவர்கள் கவனத்திற்கு

மலேசியாவில் 2023இல் நடந்த தேசியச் சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் உண்டு. இந்தியர்களிடையே இந்த விகிதம் மற்ற இனத்தவரைவிட அதிகம். எனவே இது நம் குடும்பங்களைத் தொடும் விஷயம்.

இவர்களுக்குக் காற்புண் ஆறாததற்குக் காரணங்கள் பல. இரத்த ஓட்டம் குறைந்திருக்கும். நரம்பு மரத்துப்போனதால் வலி தெரியாமல், புண்ணின் மேலேயே நடந்துகொண்டிருப்பார்கள். கிருமி உள்ளே பரவியிருக்கும். இவற்றை எந்த விளக்கும் சரி செய்யாது. சீனி அளவைக் கட்டுப்படுத்துவது, அழுகிய தசையை மருத்துவர் அகற்றுவது, கிருமிக்கு மருந்து, புண் மீது பாரம் விழாதபடி தகுந்த காலணி, இரத்த ஓட்டப் பரிசோதனை ஆகியவைதான் அடிப்படை. விளக்கை நம்பி இவற்றைத் தள்ளிப்போட்டால், விரலையோ காலையோ இழக்க நேரிடலாம்.

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. உடல் வலிக்குப் பயன்படுத்தும் சூடான விளக்கும் இந்த ஒளிக் கருவியும் ஒன்றல்ல. மரத்துப்போன காலில் சூட்டு விளக்கைக் காட்டினால், சுடுவதே தெரியாமல் தோல் வெந்துவிடும். புண்ணை வெயிலில் காட்டுவதும் இதற்கு மாற்றாகாது.

பணம் கட்டும் முன்

கருவி 2012ஆம் ஆண்டு மருத்துவச் சாதனச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றதா என்று கேளுங்கள். பதிவு இருந்தாலும், அது எல்லாப் புண்ணையும் ஆற்றும் என்பதற்கு உத்தரவாதமில்லை. யார் சிகிச்சை செய்கிறார், புண்ணை முதலில் மருத்துவர் பார்த்தாரா என்றும் கேளுங்கள். புண் உள்ள இடத்தில் புற்றுநோய் இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், மருத்துவர் சொல்லாமல் ஒளி பாய்ச்சக் கூடாது. சிகிச்சையின்போது கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி தேவை.

இனிப்பு நீர் உள்ளவர்கள் தினமும் இரவில் பாதங்களைப் பாருங்கள். விரல் இடுக்குகளையும் விடாதீர்கள். குனிய முடியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். சிறு புண்ணோ கொப்புளமோ தெரிந்தால் கிளினிக்கில் காட்டுங்கள். சிவந்து வீங்கினாலும், சீழ் வடிந்தாலும், நாற்றம் வந்தாலும், தோல் கறுத்தாலும், காய்ச்சல் கண்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அதன் பிறகு, ஒளிச் சிகிச்சை உதவுமா என்று மருத்துவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.