பிடியரிசியும் பெருநகரமும்

உலையில் அரிசி இடுவதற்கு முன் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைக்கும் வழக்கத்தை நம்முள் மூத்தவர்கள் பலர் கண்டிருப்பர். பிடியரிசி என்பது அதன் பெயர். கோயில் காரியத்திற்கோ ஊர்ப் பொதுக் காரியத்திற்கோ மாதம் ஒருமுறை எவரேனும் வந்து அதனைப் பெற்றுச் செல்வார். அதனால் வீட்டில் ஒருவர்க்கேனும் ஒரு கவளம் குறைந்ததாக நினைவில்லை. பிழைப்பை நாடி மும்பைக்கு வந்த நம் குடும்பங்கள் பண்ட பாத்திரங்களோடு பழக்க வழக்கங்கள் பலவற்றையும் கொண்டு வந்தன. இந்தக் கலயத்தை மட்டும் ஏனோ ஊரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

நாம் விட்டதைப் பிறர் விடவில்லை. மிசோரம் மலைநாட்டில், அது லுஷாய் மலை என வழங்கிய காலத்தில், 1910ஆம் ஆண்டு கிறிஸ்தவ சபைப் பெண்கள் இத்தகைய வழக்கம் ஒன்றைத் தொடங்கினர். அவர்கள் மொழியில் அதற்குப் 'புஃபாய் தாம்' என்று பெயர். பிடியரிசி என்பதே அதன் பொருளும். கையில் காசு புழங்காத நாடு அது. காசு இல்லையே என்று அப்பெண்கள் கை கட்டி நிற்கவில்லை. நம்மிடம் இருப்பது அரிசியன்றோ என்று சமைக்கும் போதெல்லாம் ஒரு பிடி எடுத்து வைத்தனர். சபை மகளிர் வீடுதோறும் சென்று அதனைத் திரட்டி விற்று, வந்த தொகையைச் சபைப் பணிகளுக்கு அளித்தனர். நூறாண்டு கடந்த பின்னும் அப்பிடி நிற்கவில்லை.

அத்தனை தொலைவு போவானேன்? நாம் வாழும் இம்மகாராஷ்டிரத்திலேயே கர்மவீர் பாவுராவ் பாட்டீல் 1919இல் ரயத் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்தார். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் உண்டு பயில வேண்டும் என்பது அவர் கருத்து. சாதாராவில் அவர் நடத்திய விடுதிக்குக் குடியானவர் வீடுகளிலிருந்து வந்த பிடி தானியத்திற்கு 'முஷ்டி நிதி' என்று பெயர். அவர் துணைவியார் லட்சுமிபாய் விடுதிப் பிள்ளைகள் பசித்திருக்கலாகாது என்று தம் நகைகளை, இறுதியில் திருமாங்கல்யத்தையும், விற்றுச் சோறிட்டார். இதனை மகாராஷ்டிரம் இன்றும் போற்றுகிறது, போற்றத் தக்கதே. ஆயினும் நாம் ஒன்று சொல்லத் துணிவோம். மாங்கல்யத்தை ஒருமுறைதான் விற்க இயலும். பிடி தானியமோ மீண்டும் மீண்டும் வந்தது. விடுதி நிலைத்ததற்கு முன்னதைப் போலவே பின்னதும் காரணம்.

இங்கே நம் சங்கத்தின் தோல்வி ஒன்றையும் மறையாது கூறிவிடுதல் நலம். சில ஆண்டுகளுக்கு முன் நாமும் அறுபது வீடுகளில் டப்பா வைத்தோம். ஒரு பிடி 40 கிராம் என்று கொண்டால் வீட்டுக்கு மாதம் 1.2 கிலோ, அறுபது வீட்டுக்கு 72 கிலோ. முதல் மாதம் கணக்குக்கு மேலேயே கிடைத்தது. அதனைக் கொண்டு, வேலையிழந்த சில குடும்பங்களின் அடுப்பு எரிந்தது. மூன்றாம் மாதம், வீடு வீடாகச் சென்று வாங்கி வந்த அன்பர்க்கு நாகபுரிக்கு மாற்றல் ஆயிற்று. அவருக்குப் பதிலாக ஒருவரை நியமிப்போம் என்று ஒரு கூட்டத்தில் பேசினோம். அடுத்த கூட்டத்திலும் பேசினோம். அதற்குள் டப்பா அரிசியில் வண்டு விழுந்துவிட்டது. அம்மையார் ஒருவர் நம்மிடம் நேரில் சொன்னார்: "கொடுக்க நாங்கள் இருக்கிறோம், ஐயா, வாங்கிக் கொள்ளத்தான் நீங்கள் இல்லை." அவருக்கு நாம் மறுமொழி சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

அச்சொல் கம்பெனிகளுக்கும் பொருந்தும் என்பதைப் பின்னரே உணர்ந்தோம். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுவரவு 1000 கோடி, நிகர இலாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமுதாயப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. நல்ல சட்டம். ஆனால் நம்மவர் பலர் வேலை செய்வதும் நடத்துவதும் அந்த அளவை எட்டாத சிறு நிறுவனங்களிலேயே. சட்டம் கேட்கவில்லை என்பதனால் அவற்றிற்குக் கொடுக்க ஒன்றுமில்லை என்று ஆகுமா?

இரத்த தானத்தையே எடுத்துக் கொள்வோம். நிறுவன நாள் வந்தால் பந்தலிட்டு, மேளம் கொட்டி, ஒரே நாளில் இருநூறு பேரிடம் இரத்தம் பெறுகிறார்கள். புகைப்படமும் எடுக்கிறார்கள். ஆனால் சிவப்பணுக்களைக் குளிர்பதனத்தில் 35 முதல் 42 நாள் வரைதான் காக்க இயலும். புற்றுநோயாளர்க்கு மிகுதியும் தேவைப்படும் தட்டணுக்கள் ஐந்து நாளைத் தாண்டுவதில்லை. தலசீமியா நோயுற்ற குழந்தைக்கோ இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றியாக வேண்டும். பள்ளி விடுமுறையில் பாதி நகரம் ஊருக்குப் போய்விடும் மே மாதத்தில் அக்குழந்தை என்ன செய்யும்? இருநூறு பேரை ஒரே நாளில் அழைப்பதற்கு மாறாக, வாரத்திற்கு நால்வர் என்று முறை வகுத்து, ஒரு மணி நேரம் சம்பளத்தோடு விடுப்புத் தந்தால் போதும். ஆண்கள் மூன்று மாதத்திற்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்திற்கு ஒருமுறையும் கொடுக்கலாம். இதற்குப் பந்தலும் வேண்டா, மாலையும் வேண்டா. பெயர்ப் பட்டியலை வைத்துக் கொண்டு, "இந்த வாரம் உங்கள் முறை" என்று நினைவூட்டும் குமாஸ்தா ஒருவர் வேண்டும். பிடியரிசி வாங்க வருபவரும் அவரும் ஒருவரே என்க.

அரிசியும் இரத்தமும் இல்லாத ஒருவரிடமும் கொடைக்குரிய பொருள் ஒன்று உண்டு. அது நாம் பேசும் மொழி. இந்நகரின் மருத்துவமனை ஒன்றில் நெல்லைச் சீமையிலிருந்து வந்த முதியவர் ஒருவரைச் சந்தித்தோம். மறுநாள் வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று இந்தியில் கூறியிருக்கிறார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டு, விடியலில் மனைவிக்கு இட்டிலி வாங்கிக் கொடுத்து அழைத்து வந்திருக்கிறார். சோதனை தள்ளிப் போயிற்று. தங்குமிடத்திற்கு மேலும் இரண்டு நாள் வாடகை. எவர் மீதும் குற்றமில்லை. இரு மொழியும் தெரிந்தவர் ஒருவர் அரை நிமிடம் அருகில் நின்றிருந்தால் அது நேர்ந்திராது. இந்நகரில் இரு மொழியும் தெரிந்த தமிழர்க்கு என்ன பஞ்சம்?

பார்வையற்ற மாணவர்க்குத் தேர்வெழுத உதவுதலும் அவ்வாறே. அவர் சொல்ல மற்றொருவர் எழுத வேண்டும். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. தேர்வுகள் பெரும்பாலும் வேலை நாளில் வருவதே தொல்லை. இங்கும் முதலாளி அரைநாள் விடுப்புத் தந்தால் அதுவே தானம். சில தேர்வுகளில், எழுதுபவர் தேர்வரைவிடக் கல்வியில் ஒரு படி குறைந்தவராக இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. அங்கே பட்டதாரித் தந்தையை விடப் பள்ளியில் பயிலும் மகளே தகுதியுடையவள். வீட்டில் இதனைச் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகளுக்குப் பெருமை பிடிபடாது.

நம் டப்பாக்களை மீண்டும் வைக்க இருக்கிறோம். இம்முறை வாங்க வருபவர் ஒருவர் அல்லர், கட்டடத்திற்கு இருவர். ஒருவர் ஊருக்குப் போனால் மற்றவர் வருவார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை எடுத்துவிடுவதால் வண்டுக்கு இடமிராது. மருத்துவமனையில் மொழி உதவிக்கு வர இசைவோர், சங்க நூல்நிலையத்தில் உள்ள ஏட்டில் தம் பெயரோடு இன்ன கிழமை, இன்ன மணி என்பதையும் எழுதி வைக்க வேண்டுகிறோம். 'எப்போது வேண்டுமானாலும்' என்று எழுத வேண்டா. சென்ற முறை அவ்வாறு எழுதிய பதினோரு அன்பர்களில் ஒருவரையும் தேவைப்பட்ட நாளில் நம்மால் கண்டுபிடிக்க இயலவில்லை.